அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்: முதல்வர் காப்பீட்டு அட்டை எடுப்பதும் அதை வைத்துச் சிகிச்சை பெறுவதும்

அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த இரவு, பக்கத்தில் எது திறந்திருந்ததோ அந்தத் தனியார் மருத்துவமனைக்கு ஓடினோம். "பத்தாயிரம் கட்டிட்டு வாங்க" என்றார்கள், கட்டினேன். மறுநாள் ஆஞ்சியோகிராம், அதற்கும் கட்டினேன். மூன்றாம் நாள் காலையில் 42,000 ரூபாய் போயிருந்தது. "மூணு ரத்தக்குழாயிலயும் அடைப்பு, பைபாஸ் பண்ணணும்" என்று டாக்டர் சொன்னபோது கையில் மிச்சம் இருந்தது அம்மாவின் வளையல்தான். பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கலைஞர் கார்டு இல்லையா தம்பி?"

இப்போது அதன் பெயர் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டமும் இதோடு சேர்ந்தே தமிழ்நாட்டில் நடக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் காசு கட்டாமல் சிகிச்சை பெறலாம். பிரீமியத்தை அரசே கட்டுகிறது, நாம் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். அப்பாவின் பைபாஸ் கடைசியில் வேறொரு மருத்துவமனையில் இந்த அட்டையில்தான் நடந்தது. ஆனால் அந்த 42,000 திரும்பவில்லை. வரிசை மாறிப் போனதற்கு நான் கொடுத்த விலை அது. கீழே இருப்பது சரியான வரிசை.

1. அட்டை ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள்

புதிதாக விண்ணப்பிக்க அலைவதற்கு முன் இதைச் செய்யுங்கள். பல குடும்பங்கள் பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பே பதிவாகியிருக்கின்றன. யாருக்கும் நினைவு இருப்பதில்லை. ரேஷன் கார்டை எடுத்து வைத்துக்கொண்டு 1800 425 3993 என்ற இலவச எண்ணுக்குப் பேசுங்கள். திட்டத்தின் இணையதளத்திலும் ரேஷன் கார்டு எண்ணைப் போட்டுத் தேடலாம். பதிவு இருந்தால் குடும்பத்தினர் பெயர்களோடு விவரம் வரும்.

நான் விழுந்த குழி இங்கேதான். 2017-இல் ஸ்மார்ட் ரேஷன் கார்டு வந்தபோது எண் மாறிவிட்டது. எங்கள் காப்பீடு பழைய தாள் கார்டு எண்ணில் பதிவாகியிருந்தது. புதிய எண்ணைப் போட்டுத் தேடிவிட்டு "இல்லை" என்று முடிவு கட்டினேன். பழைய கார்டின் ஜெராக்ஸ் வீட்டில் எங்காவது கிடந்தால் அந்த எண்ணையும் போட்டுப் பாருங்கள். எங்கள் பழைய காப்பீட்டு அட்டை பிஸ்கட் டப்பாவில், கரண்ட் பில்களுக்கு அடியில் இருந்தது. அதில் இறந்துபோன பாட்டியின் பெயர் இருந்தது, என் மனைவி பெயர் இல்லை.

பதிவு இருக்கிறது என்று தெரிந்ததும் நிம்மதியாகிவிடாதீர்கள். யார் யார் பெயர் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் படியுங்கள். நோயாளியின் பெயர் இல்லாத அட்டை, நோயாளிக்கு உதவாது.

2. உங்களுக்குத் தகுதி உண்டா

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதக் கணக்கில் பத்தாயிரம். இந்தக் காலத்தில் கொத்தனாருக்குச் சித்தாளாகப் போகிறவருக்கே இதைத் தாண்டிவிடும் என்பது வேறு கதை. வரம்பை இன்னும் கொஞ்சம் உயர்த்தியிருக்கலாம் என்பது என் கருத்து. ஆனால் சான்று என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு.

இலங்கைத் தமிழர் முகாம்களில் இருப்பவர்களுக்கு இந்த வருமான வரம்பு கிடையாது. வேறு மாநிலத்திலிருந்து வந்து ஆறு மாதத்துக்கு மேல் இங்கே தங்கி வேலை பார்க்கும் தொழிலாளர்களும் உரிய சான்றோடு சேரலாம். உங்கள் கடையிலோ கட்டட வேலையிலோ அப்படி யாராவது இருந்தால் சொல்லுங்கள், அவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாது.

சம்பளச் சீட்டில் இஎஸ்ஐ (தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா என்றும் பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருக்கும் தொழிலாளிக்கு இஎஸ்ஐ உண்டு. சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள். அது உங்கள் காசு. இஎஸ்ஐ மருந்தகத்துக்கு ஒரு நாளும் போகாமல் வெளியே செலவழிக்கும் ஆட்களை என் கம்பெனியிலேயே பார்க்கிறேன்.

3. தாள்களைச் சேர்ப்பது

வேண்டியவை மூன்றுதான். ரேஷன் கார்டு, குடும்பத்தில் எல்லாருடைய ஆதார், வருமானச் சான்று. மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும், அதில்தான் நாட்கள் போகின்றன.

ஆதாரில் அப்பா பெயர் இனிஷியலோடு, ரேஷன் கார்டில் இனிஷியல் இல்லாமல். அம்மாவுக்கு ஆதாரில் ஒரு எழுத்து கூடுதல். கல்யாணமாகி வந்த மருமகள் பெயர் இன்னும் பிறந்த வீட்டு ரேஷன் கார்டில். இவை எல்லாமே வழக்கமான சிக்கல்கள். ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பதையும் நீக்குவதையும் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், ஆனால் ஒப்புதல் வர நாளாகும். யாரும் படுக்கையில் இல்லாத மாதத்தில் இதை முடித்துவிடுங்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து செல்போனில் பெயர்த் திருத்தம் செய்வது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் கட்டணம் 60 ரூபாய். ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ, சம்பளம் வாங்குகிறவராக இருந்தால் சம்பளச் சீட்டு எடுத்துப் போங்கள். விண்ணப்பம் விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று மேலே போகும். எனக்கு ஒன்பது நாள் ஆனது. அதில் ஐந்து நாள் விஏஓ கணக்கில் அப்படியே கிடந்தது. நேரில் போய் "அப்பா ஆஸ்பத்திரியில இருக்காருங்க" என்று சொன்ன அன்று நகர்ந்தது. விண்ணப்பம் போட்டதும் வரும் எண்ணை வைத்துக்கொண்டு தினமும் நிலையைப் பாருங்கள். யாரிடம் நிற்கிறது என்று தெரிந்தால்தான் யாரிடம் போய் நிற்பது என்று தெரியும்.

இன்னொரு பொறி: காப்பீட்டு விண்ணப்பப் படிவத்திலேயே விஏஓ வருமானத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை வைப்பதும் உண்டு. நான் அப்படித்தான் வாங்கிப் போனேன். "ஆன்லைன் சான்றுதான் வேணும்" என்று திருப்பி அனுப்பினார்கள். இன்னொரு மாவட்டத்தில் என் மச்சானுக்குக் கையெழுத்துப் படிவமே போதும் என்றிருக்கிறார்கள். ஆகவே சான்று வாங்கும் முன்பே உங்கள் மாவட்ட மையத்தில் எது செல்லும் என்று கேட்டுவிடுங்கள். ஒரு போன், ஒரு வாரத்தை மிச்சம் பிடிக்கும்.

4. கலெக்டர் ஆபீஸ் நாள்

பதிவு செய்யும் மையம் மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இருக்கும். காலையிலேயே போய்விடுங்கள். திங்கட்கிழமை வேண்டாம், அன்றைக்கு மக்கள் குறைதீர்க்கும் நாள், வளாகமே திருவிழாக் கூட்டமாக இருக்கும். அசல் தாள்களும் இரண்டு செட் ஜெராக்ஸும் கையில் இருக்கட்டும். ஆதாரோடு இணைத்த செல்போனை மறக்காதீர்கள், ஓடிபி அதற்குத்தான் வரும். எங்கள் வீட்டில் அந்த எண் தம்பியுடையது. அவன் திருப்பூரில் மெஷினில் இருந்தான். போனை எடுக்க ஒன்றரை மணி நேரம்.

முடிந்தால் குடும்பத்தோடு போவது நல்லது. போட்டோவோ கைரேகையோ கேட்டால் இன்னொரு நடை மிச்சம். நோயாளி ஏற்கெனவே படுக்கையில் இருந்தால், மருத்துவமனையில் சேர்த்ததற்கான தாளையும், என்ன சிகிச்சை தேவை என்று டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தையும் எடுத்துப் போங்கள். அதைக் காட்டியதால்தான் எனக்கு அன்று மாலையே காப்பீட்டு எண் கிடைத்தது. அந்த எண் வந்தாலே போதும். அட்டை கையில் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இதற்குக் கட்டணம் கிடையாது. வளாகத்துக்கு வெளியே டீக்கடை ஓரமாக நின்று "ஐநூறு குடுங்க, அரை மணி நேரத்துல எடுத்துத் தர்றேன்" என்று ஒருவர் வருவார். அவரும் கடைசியில் உங்களை அதே வரிசையில்தான் கொண்டு போய் நிறுத்துவார்.

5. எந்த மருத்துவமனை

"இங்க காப்பீடு உண்டா?" என்று மட்டும் கேட்காதீர்கள். வாசலில் திட்டத்தின் பலகை மாட்டியிருக்கும் மருத்துவமனைகூட எல்லாச் சிகிச்சைக்கும் பட்டியலில் இருக்காது. எலும்புக்கு இருக்கும், இதயத்துக்கு இருக்காது. "பைபாஸுக்கு உண்டா? இப்ப எடுத்துக்கிறீங்களா?" என்று கேளுங்கள். அதே இலவச எண்ணில் கேட்டாலும் உங்கள் மாவட்டத்தில் அந்தச் சிகிச்சைக்கு எந்தெந்த மருத்துவமனை என்று சொல்வார்கள்.

சில சிகிச்சைகள் அரசு மருத்துவமனைகளுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அதைத் தனியாரில் அட்டையை வைத்துச் செய்ய முடியாது. சாதாரணக் காய்ச்சல், வெளிநோயாளியாகப் போய்க் காட்டும் சீட்டு, தினசரி மாத்திரை இவற்றுக்கும் அட்டை உதவாது. இது பெரிய சிகிச்சைகளுக்கான ஏற்பாடு. டயாலிசிஸும் புற்றுநோய்க்கான கீமோ, கதிர்வீச்சுச் சிகிச்சைகளும் இதில் அடங்கும்.

பெரியாஸ்பத்திரியை முதலிலேயே ஒதுக்கிவிடாதீர்கள் என்பது என் சொந்தக் கருத்து. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதய அறுவை சிகிச்சை நடக்கிறது, அங்கும் இதே காப்பீடு செல்லும். கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும், கழிவறை விஷயத்தில் மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் அங்கே யாரும் உங்களிடம் "வித்தியாசத் தொகை", அதாவது காப்பீட்டுக்கு மேல் தனியாகக் கட்டும் காசு, பேச மாட்டார்கள். பரிசோதனைக்கும் அப்படித்தான். அரசு மருத்துவமனைகளில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்தும் ஸ்கேன் மையங்களில் எடுத்தால் வெளியே ஆகும் செலவில் ஒரு சிறு பங்குதான் ஆகும்.

சாலை விபத்து என்றால் இந்த வரிசையே வேறு. இன்னுயிர் காப்போம் திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அட்டை இருக்கிறதா, வருமானம் எவ்வளவு, எந்த ஊர் என்ற கேள்வியே கிடையாது. 108-ஐ அழையுங்கள், பட்டியலில் உள்ள மருத்துவமனைக்கே கொண்டு போகச் சொல்லுங்கள்.

6. அட்மிஷன் கவுண்டரில் சொல்ல வேண்டிய முதல் சொல்

"காப்பீடு." பெயர், வயது சொல்வதற்கும் முன்னால்.

ஒருமுறை பணம் கட்டும் நோயாளியாகச் சேர்த்துவிட்டால் பிறகு காப்பீட்டுக்கு மாற்றுவது பெரும்பாடு. கட்டிய காசு கட்டியதுதான். நான் மூன்றாம் நாள் போய்க் கேட்டபோது கவுண்டரில் இருந்த பெண் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "சார், மொதல்லயே சொல்லிருக்கலாமே." அவர் சொன்னது நியாயம்தான். யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

திட்டத்தில் உள்ள மருத்துவமனையில் காப்பீட்டுக்கென்றே ஒரு மேசை, அதற்கு ஓர் ஆள் இருப்பார். அட்மிஷன் கவுண்டரைத் தாண்டி அவரைத் தேடிப் பிடியுங்கள். அவர் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த பத்து நாளுக்கு டாக்டரைவிட அவரிடம்தான் அதிகம் பேசப் போகிறீர்கள்.

7. அனுமதி வரும் வரை

டாக்டர் குறிப்பு, ஸ்கேன், ஆஞ்சியோ சிடி, நோயாளியின் போட்டோ எல்லாவற்றையும் மருத்துவமனை இணையத்தில் ஏற்றி அனுமதி கேட்கும். காப்பீட்டுத் தரப்பு மருத்துவர்கள் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். தாள்கள் சரியாக இருந்தால் ஒரு நாளில் வந்துவிடும். ஏதாவது குறைந்தால் "கொரி" போடுவார்கள், அதாவது கேள்வி எழுப்பித் திருப்புவார்கள். எங்களுக்கு எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கம் ஏறவில்லை. அதைக் கண்டுபிடிக்க ஒன்றரை நாள். "அப்ரூவல் வரல" என்று மட்டும் சொன்னால் விட்டுவிடாதீர்கள். "ரிஜெக்ட் ஆச்சா, கொரி வந்துருக்கா? என்ன கேட்டுருக்காங்க?" என்று கேளுங்கள். பெரும்பாலும் கொரிதான், ஒரு தாளில் தீர்ந்துவிடும்.

உயிருக்கு ஆபத்தான நிலையில் இந்த வரிசைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. முதலில் சிகிச்சையைத் தொடங்கச் சொல்லுங்கள், அவசர அனுமதி வாங்குவது மருத்துவமனையின் வேலை.

இந்த நாட்களில்தான் ரத்தம் கேட்பார்கள். அப்பாவுக்கு நான்கு யூனிட். அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் இரவு பத்து மணிக்கு ஆள் தேடினேன். நீங்கள் அனுமதிக்கு விண்ணப்பித்த அன்றே சொந்தக்காரர்கள், நண்பர்கள் நாலைந்து பேரைத் தயார் பண்ணி வையுங்கள்.

8. காசு கேட்டால்

அனுமதி வந்த சிகிச்சைக்கு ஒரு மொத்தத் தொகை உண்டு, பேக்கேஜ் என்பார்கள். அறை, டாக்டர், மருந்து, சாப்பாடு, பொருத்தும் சாமான் எல்லாம் அதற்குள்தான். ஆனாலும் கேட்பார்கள். "இந்த ஸ்டென்ட் காப்பீட்டுல வர்றது, நல்லது வேணும்னா முப்பதாயிரம் சேர்த்துக் கட்டணும்" என்பது ஒரு வகை (ஸ்டென்ட் என்பது அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு குழாய்). "இந்த ஊசி பேக்கேஜ்ல இல்ல, வெளிய வாங்கிட்டு வாங்க" என்பது இன்னொரு வகை.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கும்போது யாருக்கும் எதிர்த்துப் பேச மனது வராது. அதனால் சண்டை போடச் சொல்லவில்லை. இரண்டே காரியம் செய்யுங்கள். "என்னத்துக்குன்னு எழுதிக் குடுங்க, ரசீதோட கட்டுறேன்" என்று கேளுங்கள். பாதிக் கோரிக்கைகள் அந்த இடத்திலேயே நின்றுவிடும். எழுதிக் கொடுத்தால், கட்டிவிட்டு ரசீதோடு இலவச எண்ணில் புகார் பதியுங்கள், புகார் எண் வாங்குங்கள். ரசீது இல்லாத புகார் எங்கேயும் நிற்காது.

9. டிஸ்சார்ஜ் அன்று

ஒரு கட்டுத் தாளை நீட்டி, பேனாவையும் நீட்டி, "இங்க, இங்க, அப்புறம் இங்க" என்பார்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். எந்தச் சிகிச்சை, எத்தனை ரூபாய் உங்கள் கணக்கில் எடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். 5 லட்சம் என்பது தலைக்கு அல்ல, குடும்பம் முழுவதற்கும். அப்பாவுக்கு எழுதியது போக மீதிதான் இந்த ஆண்டு அம்மாவுக்கு.

டிஸ்சார்ஜ் சம்மரி, அறுவை சிகிச்சைக் குறிப்பு, எக்கோ, ஆஞ்சியோ சிடி நான்கையும் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்குப் போகும்போது எத்தனை நாளுக்கு மருந்து பேக்கேஜில் வரும் என்றும் கேளுங்கள். நாங்கள் கேட்காமல் வந்து, மறுநாளே கடையில் வாங்கினோம்.

10. மாதாமாதம் மாத்திரை

அட்டையின் வேலை முடிந்த பிறகு தொடங்கும் செலவு இது, ஆயுசுக்கும் நீள்வது. முதல் மாதம் தெருமுனைக் கடையில் 2,300 ரூபாய் ஆனது. டாக்டரிடம் போய், பிராண்டுப் பெயருக்குப் பதில் மருந்தின் மூலப்பெயரை எழுதித் தரச் சொன்னேன். கொஞ்சம் முறைத்தார், எழுதினார். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாட்டின் என்று மூலப்பெயரும் மில்லிகிராமும் தெரிந்தால் மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ கேட்டு வாங்கலாம். எங்களுக்கு மாதச் செலவு அறுநூற்றுச் சொச்சத்துக்கு வந்தது. டாக்டரிடம் சொல்லாமல் நீங்களாக மாற்றாதீர்கள். இதய மாத்திரை விஷயத்தில் அளவு மாறினால் விளையாட்டில்லை.

பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மட்டும் என்றால் அதையும் வாங்க வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்தால் மாத்திரை இலவசம். நடக்க முடியாதவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டு வந்து தருகிறார்கள். அம்மாவுக்கு இப்போது அப்படித்தான் வருகிறது. கொண்டு வரும் அக்கா ஒவ்வொரு முறையும் பிரஷர் பார்த்துவிட்டு, "ஊறுகாயைக் குறைங்கம்மா" என்கிறார். அது மட்டும் இன்னும் நடக்கவில்லை.